கீபோர்டு வேடத்தில் ஒரு வெப்பமானி

சர்வர் அறையில் நள்ளிரவில் ஏசி நின்றுபோனால் யாராவது நமக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பலரும் ‘டெம்பர்’ என்ற யுஎஸ்பி வெப்பமானியை வாங்குகிறார்கள். பென்டிரைவ் அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. உடன் தரப்படும் மென்பொருள் விண்டோஸுக்கானது. லினக்ஸ் கணினியில் செருகினால் எண் எதுவும் தெரியாது, பிழைச் செய்தியும் வராது. பழுதான சரக்கு என்று உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கேட்டால்தான் அது பதில் சொல்லும்; இன்னும் யாரும் கேட்கவில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையைக் கொடுங்கள். இரண்டாம் முறை புதிதாக முளைத்திருக்கும் வரிதான் உங்கள் கருவி. அதில் முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு பதினறும எண்கள் இருக்கும். பழைய டெம்பர்களில் அது 0சி45:7401. பின்னால் வந்த பலவற்றில் 413டி:2107. வெளியே உறை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே சில்லு வேறு, கணக்கும் வேறு. பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

அடுத்து ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு வேடிக்கை தெரியும். கர்னல் இதை வெப்பமானி என்று பதிவு செய்திருக்காது. கீபோர்டு, மவுஸ் வகையறாவான எச்ஐடி கருவி என்றே பதிந்திருக்கும். சில மாதிரிகளில் உள்ள பொத்தானை அழுத்தினால், திறந்திருக்கும் கோப்பில் வெப்பநிலையைத் தானே ‘தட்டச்சு’ செய்யவும் செய்யும்! எச்ஐடி கருவிக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியதில்லை என்பது தயாரிப்பாளருக்கு வசதி. நமக்குத்தான் சுற்றுவழி.

சுற்றுவழி என்றாலும் நீளமில்லை. கருவிக்கு இரண்டு இடைமுகங்கள் உண்டு. அதனால் ‘டெவ்’ அடைவில் ‘ஹிட்ரா’ என்று தொடங்கும் இரண்டு கோப்புகள் புதிதாகத் தோன்றும். முதலாவது கீபோர்டு வேடத்துக்கு. பேச வேண்டியது இரண்டாவதுடன். அங்கே பெரும்பாலோர் முட்டிக்கொள்வது அனுமதியில். ஹிட்ரா கோப்புகளைத் திறக்க வழக்கமாக ரூட் பயனருக்கு மட்டுமே உரிமை. ‘சூடு’ போட்டு ஓட்டினால் வேலை நடந்துவிடும். ஆனால் வெப்பநிலை படிக்கும் ஒரு குட்டி நிரலுக்கு ரூட் அதிகாரம் தருவது அநாவசியம். ‘யுடெவ்’ விதிகள் இருக்கும் அடைவில் ஒரு வரிக் கோப்பு எழுதி, இந்த எண் கொண்ட ஹிட்ரா கருவியை இன்ன பயனர் குழு படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். அதே வரியில் நிலையான ஒரு பெயரையும் வைத்துவிடலாம். இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் ஹிட்ராவின் வரிசை எண் மாறி, நிரல் வேறு எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இனிக் கேள்வி. எட்டு பைட்டுகளை எழுத வேண்டும். பதினறும முறையில் அவை 01, 80, 33, 01, அதன்பின் நான்கு சுழியங்கள். உடனே எட்டு பைட்டுகள் பதிலாக வரும். நமக்கு வேண்டியது மூன்றாவதும் நான்காவதும். மூன்றாவதை 256ஆல் பெருக்கி நான்காவதைக் கூட்டுங்கள். அவை சாதாரண பத்தடிமான எண்ணில் 11, 94 என்று வந்தால் கூட்டுத்தொகை 2910. புதிய 413டி வகையில் இதை 100ஆல் வகுத்தால் 29.10 டிகிரி செல்சியஸ்.

பழைய 0சி45 வகையில் வகுக்க வேண்டியது 256ஆல். அங்கே 29, 128 என்று வந்தால் வெப்பநிலை 29.5. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். புதிய கருவியின் 2910ஐ 256ஆல் வகுத்தால் 11.37 வரும், அறை ஊட்டிபோலக் குளிர்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். பழையதன் 7552ஐ 100ஆல் வகுத்தால் 75.52, ஊரையே எழுப்பிவிடுவீர்கள். இன்னொரு பொறியும் உண்டு. வெளி உணரியைக் கம்பியில் பொருத்தும் வசதியுள்ள மாதிரிகளில், அது இணைக்கப்படாதபோது அதற்குரிய இடத்தில் 20000 என்ற எண் வரும். அது 200 டிகிரி அல்ல, ‘அங்கே எதுவும் இல்லை’ என்று பொருள்.

இந்தக் கணக்கையெல்லாம் செய்யும் ‘டெம்பர்.பிஒய்’ போன்ற தயார் பைத்தான் நிரல்கள் கிடைக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் உங்கள் கருவியின் எண் அந்த நிரலின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓபன்பிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. ‘யுகோல்ட்’ என்ற டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஆதரவுள்ள மாதிரியைச் செருகியதும் ‘சிஸ்கன்ட்ரோல்’ கட்டளை காட்டும் உணரிகளின் பட்டியலில் வெப்பநிலை டிகிரியிலேயே வந்துவிடும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்க ‘சென்சார்ஸ்டி’ என்ற சேவையும் உண்டு. இந்த ஒரு வேலைக்கு மட்டும் பழைய கணினி ஒன்றை ஒதுக்குவதானால் நான் ஓபன்பிஎஸ்டியைத்தான் போடுவேன்.

எண் வந்துவிட்டது, அதை நம்பலாமா? கணினியின் முதுகில் நேரே செருகியிருந்தால் கூடாது. பெட்டியிலிருந்து வெளியேறும் சூடும் போர்ட்டின் சூடும் சேர்ந்து அறையின் வெப்பத்தைவிடப் பல டிகிரி கூட்டிக் காட்டும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, கருவியைக் கணினியிலிருந்து தள்ளி, விசிறிக் காற்றும் வெயிலும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் நல்ல சுவர் வெப்பமானி ஒன்றை அரைமணி நேரம் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை நிரலில் கழித்துவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதன் அளவுகோலே ஏறத்தாழ 35இல்தான் தொடங்குகிறது.

பிறகு ‘கிரான்’ மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, தேதி நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதவைத்தால் போதும். ஏசி நின்றதைக் கண்டுபிடிக்க இந்தக் கருவி தாராளம். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு இதை வைக்காதீர்கள். அதற்குத் தரச்சான்று பெற்ற பதிவுக் கருவியையே வாங்குங்கள்.