வலியோடு வாழ்தல் – 9: மஞ்சள், மீனெண்ணெய், பிசின்

அடிபட்ட இடமோ கிருமி புகுந்த இடமோ சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதையே மருத்துவம் அழற்சி என்கிறது. முதலாம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் வகுத்துரைத்த இந்த நான்கு அறிகுறிகளும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியின் வெளித்தோற்றங்களே ஆதலால், வேலை முடிந்ததும் அவை தாமாக அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்தால் அது நாட்பட்ட அழற்சி. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுச் சவ்வையே பகையெனக் கருதித் தாக்கும் முடக்குவாதம் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. முதியவர்களை வருத்தும் முழங்கால் மூட்டுத் தேய்வு வெறும் தேய்மானம் மட்டுமன்று, அதிலும் அழற்சிக்குப் பங்குண்டு என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை.

அழற்சியை மூட்டிவிடும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டறிந்ததையும், அதே பொருள்கள் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காப்பவை என்பதால் வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் கூடவே கொண்டுவருவதையும் சென்ற வாரம் பார்த்தோம். வயிற்றுக்கு இதமானது என்று பெயர்பெற்ற ரோஃபெகாக்சிப் மாத்திரை, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்ததும் 2004இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இத்தனையும் அறிந்த ஒருவர், நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைச் சற்றேனும் குறைக்க வழியுண்டா என்று மஞ்சளையும் மீனெண்ணெயையும் நாடுவதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. அந்த நாட்டத்துக்கு மருத்துவம் நேர்மையான விடை தரக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த விடையைத் தேடுகையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: வலி குறைகிறதா என்பது ஒன்று, மூட்டுக்குள் நடக்கும் அழிவு நிற்கிறதா என்பது மற்றொன்று.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள் 1815இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் உயிரணுக்களின்மீது அதை ஊற்றினால் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் பலவும் அடங்குகின்றன. ஆனால் குடுவைக்கும் முழங்காலுக்கும் இடையே குடலும் கல்லீரலும் இருக்கின்றன. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் உண்டு என்பதால், மூன்று கிராம் தூளைப் பாலில் கலந்து குடிப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 90 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுக்கப்படும் 1,000 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு முப்பது கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் உண்ண வேண்டும். அப்படி உண்டாலும் குடல் அதை மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது, உறிஞ்சியதையும் கல்லீரல் விரைந்து உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்குமினைத் தனியே கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படாத அளவுக்குக் குறைவாக இருந்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. இன்று கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சாறு இடம்பெற்றிருப்பது இந்த ஆய்வின் வழி வந்தது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் கவனிக்கத்தக்கவை இரண்டு. தாய்லாந்தில் முழங்கால் தேய்வு உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும் மற்றவர்களுக்கு 1,200 மில்லிகிராம் இபுபுரூஃபனும் நான்கு வாரம் கொடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, வலியைக் குறைப்பதில் மஞ்சள் சாறு பின்தங்கவில்லை என்றும் வயிற்று உபாதை குறைவு என்றும் காட்டியது. எனினும் வெற்று மாத்திரை பெற்ற மூன்றாவது குழு அதில் இல்லை. அந்தக் குறையை நிரப்பியது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2020இல் வெளிவந்த ஆய்வு. முழங்காலில் நீர் கோத்து, சவ்வு தடித்திருந்த 70 பேரைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்கு மஞ்சள் சாறும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். மஞ்சள் பெற்றவர்களின் வலி, நூறு புள்ளி அளவுகோலில் மற்றவர்களைவிட ஒன்பது புள்ளி கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் வலி மாத்திரையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் முழங்கால் நீர்க்கோப்பு, வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட, குறையவே இல்லை. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆய்வு இரண்டு வேறு விடைகளைத் தந்திருப்பதால், இத்துறையில் இதுவரை வந்தவற்றுள் மிகப் பயனுள்ள ஆய்வாக இதைக் கொள்ளலாம்.

மீனெண்ணெயின் செயல்முறை இன்னும் தெளிவாக விளங்கியுள்ளது. புரோஸ்டாகிளாண்டின் உருவாக மூலப்பொருளாக இருப்பது அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு. மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் உயிரணுச் சுவரில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தூண்டும் பொருள்கள் குறைந்து அமைதிப்படுத்தும் பொருள்கள் மிகுகின்றன. இடம் மாறக் காலம் தேவை. ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பாகப் பலனை எதிர்பார்க்க இயலாது. அளவும் முக்கியம். முடக்குவாத ஆய்வுகளில் பலன் தந்தது நாளொன்றுக்கு மூன்று கிராமை ஒட்டிய ஒமேகா-3. கடையில் வாங்கும் குப்பியின் முன்பக்கத்தில் 1,000 மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். குப்பியைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்தால் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். அந்த ஆயிரம் எண்ணெயின் எடை. மருந்தாகும் பங்கு முந்நூறு மட்டுமே. நாளுக்கு ஒன்று விழுங்கிவிட்டு மீனெண்ணெய் பயனற்றது என்று முடிவுகட்டுவோர், தேவையான அளவில் பத்தில் ஒரு பங்கைத்தான் சோதித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் முடக்குவாத நோயாளிகள் 97 பேரிடம் ஒன்பது மாதம் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் பத்து கிராம் மீனெண்ணெய் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரால் தங்கள் வலி மாத்திரையை முப்பது சதவீதத்துக்கு மேல் குறைக்க முடிந்தது. வெற்று எண்ணெய் பெற்றவர்களில் அவ்வாறு முடிந்தவர்கள் பத்து சதவீதம். நோயின் கடுமையில் இரு குழுவினருக்கும் வேறுபாடில்லை என்பதையும் அந்த ஆய்வே பதிவு செய்கிறது.

மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும், ஆயுர்வேதம் சல்லகி என்றழைக்கும் மரத்தின் பிசின், அழற்சியின் மற்றொரு பாதையான லிப்பாக்சிஜினேஸ் நொதியைத் தடுக்கிறது. நாக்பூரில் முப்பது பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வு முழங்கால் வலி குறைந்ததாகச் சொல்கிறது. நம்பிக்கை தரும் தொடக்கமே தவிர முடிவாகக் கொள்ள ஆய்வின் அளவு போதாது. தமிழ்நாட்டு வீடுகளில் தோசை மாவிலும் ரசத்திலும் சேரும் முடக்கறுத்தான் கீரையைப் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் உயிரணுக்களோடும் எலிகளோடும் நின்றுவிட்டன. உணவாக அதைத் தொடர எந்தத் தடையும் இல்லை. தலைமுறைகளாக நம்பி உண்ணப்படும் ஒரு கீரைக்கு முறையான மனித ஆய்வு ஒன்றைச் செய்து பார்ப்பது நம் மருத்துவக் கல்லூரிகள் ஏற்க வேண்டிய பணி.

மாத்திரை எடுத்ததும் வலி குறைந்தது என்ற அனுபவத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்து 2006இல் வெளிவந்த குளுக்கோசமின் ஆய்வைவிடச் சிறந்த பாடம் இல்லை. அதில் குளுக்கோசமின் பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் 60 சதவீதத்தினருக்குக் குறைந்தது. அவர்களுடைய நிம்மதி பொய்யன்று. நாட்பட்ட வலி தானே ஏறி இறங்கும் இயல்புடையது, அது உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் புதிய மருந்தைத் தேடுகிறார்கள், அக்கறையும் எதிர்பார்ப்பும்கூட மூளையில் வலியைத் தணிக்கின்றன.

இயற்கையானது தீங்கற்றது என்ற நம்பிக்கை மட்டும் கைவிடப்பட வேண்டியது. உறிஞ்சுதலைக் கூட்டிய செறிவான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியுள்ளன, எச்.எல்.ஏ.-பி 35:01 என்னும் மரபணு வகை உடையவர்களுக்கு இந்த அபாயம் மிகுதி. சமையலில் சேரும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபாரின் உண்போருக்கு ஐ.என்.ஆர். என்ற அளவு பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருக்க வேண்டும். மஞ்சள் மாத்திரையைச் சேர்த்துக்கொண்ட ஒருவருக்கு அது பத்தைத் தாண்டியதை 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு அறிவித்தது. இவற்றைவிடக் கொடியது கலப்படம். மூலிகை மூட்டுவலி மாத்திரையாக விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங் என்பதில் டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் மறைவாகக் கலந்திருந்ததை 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்தது. உண்ட இரண்டே நாளில் வலி பறந்துபோகும் மூலிகைப் பொடி எதையும் இந்த ஐயத்தோடுதான் அணுக வேண்டும். பல வாரம் உண்டபின் ஐயம் எழுந்தால், சட்டென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூட்டுத் தேய்வு உள்ளவர், தமது மற்ற மருந்துகளோடு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டபின், ஒரு நேரத்தில் ஒரே ஒரு துணை மாத்திரையை மட்டும் தொடங்கி, வலியின் அளவையும் விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கையையும் நாள்தோறும் குறித்துவந்து, மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவது அறிவுக்குப் பொருந்திய சோதனை. முடக்குவாதத்தில் நிலைமை வேறு. அங்கே எலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடக் கூடும். வலி குறைந்துவிட்டதே என்று முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு மஞ்சளிலும் மீனெண்ணெயிலும் காலம் கடத்துபவர் இழக்கும் மூட்டை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு 1940களில் புற்றுநோய்க்காக உருவாக்கிய அந்த மருந்து மூட்டுக்குள் என்ன செய்கிறது என்பது அடுத்த வாரம்.