பவள மோதிரம் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்க முன் இதைப் பாருங்க

பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம், பவளம் போட்டால் கல்யாணம் கூடிவரும் என்று ஜாதகம் பார்த்தவர் சொல்லிவிடுகிறார். அடுத்த சம்பள நாளில் டவுன் கடைக்குப் போகிறோம், அல்லது லயத்துக்கே பெட்டியோடு வரும் வியாபாரியிடம் வாங்குகிறோம். கல் போடுவதும் போடாததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தக் காசு மழையிலும் வெயிலிலும் பேர் போட்டுச் சேர்த்த காசு. கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் வருகிறோமா? கல் வாங்கும்போதும் அதே கவனம் வேண்டும்.

பவளம் என்றால் என்ன?

பவளம் இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் மாணிக்கம் போன்ற கல் அல்ல. கடலுக்கு அடியில் கூட்டமாக வாழும் மிகச் சிறிய உயிர்கள் கட்டும் கூடு அது. அதில் பெரும் பகுதி கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். மோதிரத்துக்கு ஆகும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலிலும் ஜப்பான், தாய்வான் பக்கத்துக் கடல்களிலும் எடுக்கப்படுகிறது. ஹிக்கடுவையில் உள்ள பவளப்பாறை வேறு இனம். அதை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே, "நம்ம ஹிக்கடுவைக் கடல்ல எடுத்த சிவப்புப் பவளம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பவளம் என்ற பேரில் விற்கும் போலிகள் பல. கண்ணாடி, பிளாஸ்டிக், சாயம் போட்ட எலும்பு, மூங்கில் பவளம் என்ற மலிவான இனத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியது, பவளத் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தியது என்று எல்லாம் உண்டு.

வீட்டில் பார்க்கக்கூடியவை

1. பூதக்கண்ணாடி: நல்ல வெளிச்சத்தில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. அசல் பவளத்தில் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடும். சின்னப் புள்ளியோ குழியோ இருந்தால் அது குறை அல்ல, கடலில் வளர்ந்ததன் அடையாளம். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். ஓரத்தில் அச்சில் வார்த்த தடம் இருந்தாலும் போலிதான்.

2. பாரமும் குளிர்ச்சியும்: பவளம் தண்ணீரைப் போல 2.6 மடங்கு பாரம். பிளாஸ்டிக் அதில் பாதியளவுதான் இருக்கும். கையில் எடுத்தவுடன் பவளம் குளிரும், பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. கண்ணாடியும் பாரம், அதுவும் குளிரும். எனவே இதை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

3. பஞ்சு: கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு தடவை தேய்த்துப் பாருங்க. பஞ்சு சிவந்தால் சாயம் போட்ட கல். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுங்க. அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம்.

4. மணியின் துளை: பவள மாலை என்றால் துளைக்குள் பாருங்க. வெடிப்பிலும் கோட்டிலும் நிறம் திரண்டு நின்று, உள்ளே வெள்ளையாக இருந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்க. ஜப்பான் பவளத்தில் நடுவில் இயற்கையாகவே வெள்ளை இருக்கும். அதனால் பஞ்சாலும் பார்த்த பிறகே முடிவுக்கு வாங்க.

பாலில் போட்டுப் பார்க்கலாமா?

பாலில் போட்டால் பால் சிவக்கும், அதுதான் அசல் என்று சில பேர் சொல்லுவாங்க. இது தலைகீழான பேச்சு. அசல் பவளத்தின் நிறம் பாலில் கரையாது. பால் சிவந்தால் சாயம் இறங்குகிறது என்றுதான் அர்த்தம்.

தேசிக்காய்ச் சாறு விட்டால் பவளத்தில் நுண்ணிய குமிழி வரும் என்பது உண்மை. ஆனால் சிப்பி ஓட்டிலும் சலவைக்கல்லிலும் சாயம் போட்ட மூங்கில் பவளத்திலும் அதே குமிழி வரும். அதோடு புளிப்பு பட்ட இடம் மங்கிவிடும். கத்தியால் சுரண்டுவதும் சூடான ஊசி வைப்பதும் அப்படித்தான். அசல் கல்லையே கெடுத்துவிட்டு அசல் என்று அறிவதில் என்ன லாபம்?

முக்கியமான விசயம்

இந்தச் சோதனைகளால் போலியைப் பிடிக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் தப்பிய கல் கட்டாயம் அசல்தான் என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. விலை கூடிய கல் என்றால் ஆய்வுகூடத்தில் காட்டி அறிக்கை எடுப்பதே நல்லது. தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குக் கொழும்பில் அப்படி ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது.

அதனால் வாங்கும்போதே மூன்று காரியம் செய்யுங்க. முதலாவது, மோதிரத்தில் பதிக்க முன் கல்லைத் தனியாக வாங்கிப் பாருங்க. அடி மூடிய மோதிரத்தில் பாதிக் கல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, பற்றுச்சீட்டில் "இயற்கைப் பவளம், சாயம் போடாதது" என்று எழுதி, எடையும் விலையும் போட்டுக் கடை முத்திரை குத்தித் தரச் சொல்லுங்க. எழுத மறுத்தால் கும்பிட்டு விட்டு வெளியே வாங்க. மூன்றாவது, அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்க. ஏமாந்தது தெரிந்தால் வாங்கிய 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. பெட்டியோடு வந்து போனவரிடம் சீட்டில்லாமல் வாங்கியிருந்தால் யார் மேல் முறைப்பாடு கொடுப்பது?

இன்னொன்று: அவசரமாகக் கடை வைத்து, தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பவளம் வாங்காதீங்க. அடகுக் கடையில் தங்கத்தின் எடைக்குத்தான் காசு, கல்லுக்கு இல்லை. "இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று வியாபாரி சொன்னால், நாளைக்கு வரச் சொல்லுங்க. நல்ல கல் ஒரு நாளில் கெட்டுப்போகாது.