சுவர் பிரித்த ஊரும் ஒரே தொகுதியும்

தொகுதி எல்லையை எதை வைத்துப் போடறாங்க? பெர்லினில் உள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்க, விடை புரியும்.

பெயர் கொஞ்சம் நீளம்: ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்-குரோய்ட்ஸ்பெர்க்-பிரென்ஸ்லாவர் பெர்க் கிழக்கு. 1961 முதல் 1989 வரை குரோய்ட்ஸ்பெர்க் மேற்கு பெர்லினில் இருந்தது. மற்ற இரண்டும் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கு பெர்லினில்.

2001இல் ஃபிரீட்ரிக்ஸ்ஹைனும் குரோய்ட்ஸ்பெர்க்கும் ஒரே நகர வட்டாரமாக இணைந்தன. 2002 தேர்தலுக்காக ஜெர்மனி தன் தொகுதிகளை 328இலிருந்து 299ஆகக் குறைத்தது. அப்போது இவ்விரண்டோடு, மக்கள் மிகுந்த பாங்கோ வட்டாரத்தின் ஒரு பகுதியான பிரென்ஸ்லாவர் பெர்க் கிழக்கையும் சேர்த்து ஒரு தொகுதி ஆக்கினார்கள்.

ஏன் இப்படிச் சேர்க்கணும்? ஒரு தொகுதியில் ஆள் குறைவு, இன்னொன்றில் அதிகம் என்றால் வாக்கின் எடை மாறிவிடும் இல்லையா? அதனால், தொகுதியின் மக்கள்தொகை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாதபடி பார்க்க வேண்டும். 25ஐத் தாண்டினால் எல்லையை மாற்றியே ஆகணும். இந்தக் கணக்கில் வெளிநாட்டவர் சேர மாட்டார்கள். துருக்கியர் பலர் குடியேறிய குரோய்ட்ஸ்பெர்க் போன்ற இடத்தில் இது முக்கியம்.

புதிய தொகுதியின் முதல் தேர்தலிலேயே ஹன்ஸ் கிறிஸ்டியான் ஸ்ட்ரோபெலே வென்றார். பசுமைக் கட்சிக்கு நாட்டிலேயே கிடைத்த முதல் நேரடித் தொகுதி வெற்றி அது. 2021 வரை அக்கட்சியே வென்றது; 2025இல் இடதுசாரிக் கட்சி கைப்பற்றியது.

தேர்வில் தொகுதி எல்லை பற்றி எழுதும் மாணவர்களே, ஆற்றையும் சாலையையும் மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. கோட்டுக்குள் எத்தனை பேர், யாரை எண்ணுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்க.