தராசு உழவர் கையில்: புதுக்கோட்டை உழவர் சந்தை இயங்கும் விதம்

ஆலங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாலையில் பறித்த வெண்டைக்காய், மறுநாள் காலை புதுக்கோட்டை நகரத்து அடுப்படிக்கு வந்து சேர இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கமிஷன் மண்டி. மூட்டை அங்கே இறங்கியதும் ஏலம் போடுவார்கள். அன்றைக்கு வரத்து அதிகமென்றால் விலை சரியும். வந்த விலையிலும் தரகு கழியும். நூற்றுக்குப் பத்து என்பது பல மண்டிகளில் வழக்கம். பிறகு வண்டி வாடகை, இறக்குக்கூலி, ‘கழிவு’ என்று எடையில் ஒரு பிடித்தம். அங்கிருந்து சில்லறைக் கடைக்குப் போய், நம் பைக்கு வரும்போது விலை எங்கோ ஏறியிருக்கும். பயிரிட்டவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கே கிடையாது.

இரண்டாவது வழி உழவர் சந்தை. விளைவித்தவரே கொண்டுவந்து, அவரே நிறுத்துக் கொடுத்து, காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்.

இப்படியொரு சந்தையைப் பஞ்சாப் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்று தொடங்கியது. ஆந்திரம் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ திறந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை முதல்வர் மு.கருணாநிதி திறந்துவைத்தார். அதைத் தொடர்ந்து மாநிலம் முழுக்க நூறு சந்தைகள் வந்துவிட்டன. 2001-இல் ஆட்சி மாறியபின் பல ஊர்களில் அவை களையிழந்தன. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை, பழைய சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதிதாகச் சில திறக்கவும் நிதி ஒதுக்கியது.

சந்தையின் உயிர் அதன் விலைப் பலகையில்தான் இருக்கிறது. அதிகாலையில் மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்துக்கொண்டு, அலுவலர்களும் விவசாயிகளும் பேசி அன்றைய விலையை முடிவு செய்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. மொத்தச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய், கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 24 அல்லது 25 என்று எழுதியிருக்கும். விற்பவருக்குக் குறைந்தது 4 ரூபாய் மிச்சம், வாங்குபவருக்குக் குறைந்தது 5 ரூபாய் மிச்சம். தரகு இல்லை, கடை வாடகை இல்லை, தராசையும் சந்தையே தருகிறது. காய்மூட்டையை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவரும் சலுகையும் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. இரண்டு கூடை கொத்தவரங்காய் கொண்டுவருபவருக்கு இந்தச் சலுகை சிறிதல்ல. சுமைக்கூலி கொடுத்தால் அவருக்கு லாபமே மிஞ்சாது.

யார் வேண்டுமானாலும் வந்து கடை விரித்துவிட முடியாது. சிட்டா, அடங்கல் காட்டி, நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று அலுவலர் நேரில் பார்த்த பிறகே புகைப்படத்துடன் அடையாள அட்டை கிடைக்கும். குடும்பத்தில் ஒருவர் பயிரைப் பார்க்க, இன்னொருவர் விற்க வரலாம். சந்தையில் பெண்கள் பலர் கடை போட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முப்பது சென்ட் நிலத்தில் கீரையும் மிளகாயும் போடுபவருக்கு மண்டியில் பேச்சே எடுபடாது. இங்கே அவர்தான் கடைக்காரர்.

விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் போனால் சந்தை முழுவீச்சில் இருக்கும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குபவர்கள் குறைவு. “பிஞ்சுதான் ஆத்தா, நேத்து சாயந்திரம் பறிச்சது, ஒடிச்சுப் பாருங்க” என்று விற்பவரே நீட்டுகிறார். முளைக்கீரைக் கட்டின் வேரில் செம்மண் ஈரம் காயாமல் இருக்கிறது. நிறுத்து முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாக விழுகிறது. எந்த மருந்து, எப்போது அடித்தீர்கள் என்று கேட்டால், அடித்த ஆளே எதிரில் இருந்து பதில் சொல்கிறார். வேறெந்தக் கடையிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. சந்தையின் பெரிய மதிப்பாக நான் கருதுவது இதைத்தான். விலைகூட அதற்கு அடுத்தது.

புதுக்கோட்டையின் விளைச்சல் எல்லாமே இங்கு வருகிறது என்று சொல்ல முடியாது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்துப் பலாவும் வாழையும் தேங்காயும் மொத்தமாக வெளியூருக்குப் போகும் சரக்கு. கீரமங்கலத்து மல்லிகையும் முல்லையும் அங்குள்ள பூக்கடைகளில் விலைபேசப்படுகின்றன; முகூர்த்த நாளில் ஏறும் விலை, அடுத்த நாளே விழும். ஆடு விற்க நகரத்துச் சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. உழவர் சந்தை தாங்குவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் காயையும் கீரையையும்தான்.

அந்தக் கொஞ்சத்தின் அருமையை 2018 நவம்பர் 16 காட்டியது. கஜா புயல் ஒரே இரவில் இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. புதுக்கன்று நட்டால் தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும், பலாவுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கீரை விதைத்த மாதத்திலேயே கைக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய் கொடுக்கும். மரம் போன வீட்டுக்கு அன்றாடச் செலவுக்குக் காசு தரக்கூடியது இந்தக் குறுகியகாலப் பயிர்தான். அதை விற்க அருகிலேயே, தரகில்லாத ஓர் இடம் வேண்டும்.

2017-இல் இதே மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டு உட்கார்ந்ததும் இப்படி விளையும் நிலத்துக்காகத்தான். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டது. நிலத்துக்குச் சட்டக் காவல் கிடைத்துவிட்டது. ஆனால் விளைந்ததற்கு நியாய விலை கிடைக்காவிட்டால் பிள்ளைகள் அந்த நிலத்தில் நிற்க மாட்டார்கள்.

சந்தைக்கு உள்ளிருந்தே வரும் ஆபத்தும் உண்டு. விவசாயியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டியில் வாங்கிய காயை வியாபாரி விற்பது பல ஊர் உழவர் சந்தைகளில் எழும் பழைய புகார். சந்தை வாசலிலேயே தள்ளுவண்டிகள் நின்றால் உள்ளே கூட்டம் குறைகிறது. வாசலில் நிற்பவரும் பிழைக்க வந்தவர்தான், அவரை விரட்டச் சொல்லவில்லை. அவருக்கு வேறு இடம் ஒதுக்குவதும், அட்டையையும் பயிரையும் அவ்வப்போது ஒத்துப்பார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. கண்காணிப்பு தளர்ந்தால் இது இன்னொரு காய்கறிக் கடைத்தெருவாகிவிடும்.

தோட்டம் வைத்திருந்தும் இதுவரை அட்டை வாங்காதவர்கள், நில ஆவணங்களோடு சந்தையின் நிர்வாக அலுவலரைப் பாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள், வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் சீக்கிரம் கிளம்பிப் போங்கள். பலகையில் எழுதிய விலையைப் பாருங்கள், அதற்குக் கீழே பேரம் பேசாதீர்கள். அது ஏற்கெனவே கடை விலையைவிடக் குறைவு.