பழங்கலங்களில் பூந்தொட்டி

வாய் நசுங்கிய குடம், மூக்குடைந்த கெண்டி, எண்ணெய் தீர்ந்த தகர டின், தேய்ந்த டயர் முதலியன நம் அங்கத்தினர் இல்லங்களின் கொல்லைப்புறத்தில் கிடப்பதைக் காண்கிறோம். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் கிடைப்பது சொற்பமே. அவற்றில் மண்ணிட்டுச் செடி வைத்தால் முற்றம் பொலிவு பெறும். சமையலுக்குச் சிறிது கீரையும் கிடைக்கும். புதுத் தொட்டி வாங்கும் பணத்தை விதைக்கும் எருவுக்கும் செலவிடலாம்.

டயரை அறுத்துக் கிளியாகவும் அன்னமாகவும் திருப்பி, வண்ணம் தீட்டிப் பள்ளி வாயில்களில் வைத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் என்பார், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு, பல ஆண்டுகள் பிறர் அறியாமல் அமைத்த பாறைத் தோட்டம் 1976ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆகவே, கழித்த பொருளைக் கொண்டு விளையாடுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. உருவம் எத்துணை வேடிக்கையாகவும் இருக்கலாம். ஆயின் இரண்டு காரியங்களில் வேடிக்கை கூடாது.

முதலாவது, அக்கலத்தில் முன்பு என்ன இருந்தது என்பது. நெசவாளர் இல்லத்தில் சாயமும் ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும் வந்த பீப்பாய்கள் இருக்கும். விவசாயி இல்லத்தில் பூச்சிமருந்து டப்பாக்கள் இருக்கும். பார்வைக்கு அவையே தொட்டிக்கு மிகவும் ஏற்றவை போலத் தோன்றும். ‘நன்றாகக் கழுவிவிட்டோம்’ என்பது போதாது. காலியான பூச்சிமருந்துக் கலங்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் விதித்தன. புதினாவும் கீரையும் நாம் உண்பவை. குழந்தைகள் தொட்டு விளையாடும் இடத்தில் பூச்செடிக்குங்கூட இக்கலங்கள் ஆகா. இவ்விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு என்பதே நம் கருத்து.

இரண்டாவது, அடியில் துளை. ஒரு மழைக்காலத்தில், துளையிடாத அழகிய பித்தளைக் கெண்டி ஒன்றில் நாம் வைத்த புதினா பத்தே நாளில் வேரழுகிப் போயிற்று. பித்தளையில் ஓட்டை போட மனம் வராததே காரணம். தகரத்தில் ஆணி கொண்டு நான்கைந்து துளைகள் இடுதல் எளிது. கீழே கூழாங்கல் பரப்பினால் துளை வேண்டாம் என்பர் சிலர், அது சரியன்று. தேங்கும் நீர் கல்லுக்குமேல் மண்ணிலேயே நிற்கும். துளைமேல் சிறிது தேங்காய் நார் வைத்தால் மண் ஒழுகாது, அவ்வளவே தேவை. டயரின் உட்குழிவில் நிற்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பெருகும். ஆதலின் டயருக்கும் அடிப்புறத்தில் பல இடங்களில் துளை வேண்டும்.

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சமபங்கு கலந்து நிரப்புக. வெயிலில் தகரம் சுட்டு வேரை வாட்டுமாதலால் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசுதல் நலம்.

நெசவாளர்க்கெனவே அமைந்த முறை ஒன்றுண்டு. இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியை நடுவே அறுத்து, மேற்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதியில் பொருத்துக. கழுத்து வழியே பருத்திக் கழிவு நூலால் முறுக்கிய பென்சில் பருமனுள்ள திரியை விடுக. திரியின் ஒரு முனை மண்ணுள் நன்கு ஏறவேண்டும்; மறுமுனை கீழுள்ள நீரில் அடிவரை தொங்கவேண்டும். மண் உலர உலரத் திரி நீரை மேலே ஏற்றும். சாயமிடாத நூலையே கொள்க. பச்சை நூலில் இயற்கையான மெழுகு இருப்பதால் அது நீரை உறிஞ்சாது; சாயம் பிடிக்கவும் முதலில் வேகவைப்பது இதற்காகவே அன்றோ! சலவைச் சோடா இட்ட நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசினால் போதும். நீரில் போட்டவுடன் மூழ்கும் நூல் திரிக்கு ஏற்றது. மிதந்தால் மீண்டும் வேகவைக்கவும். நட்ட அன்று மேலிருந்து நீர் ஊற்றித் திரி முழுவதையும் நனைக்க வேண்டும். புட்டியின் இரு பாதிகளுக்குமிடையே உள்ள சந்தைத் துணியால் அடைத்தால் கொசு புகாது. வெளியே துண்டுத் துணி சுற்றினால் பாசியும் பிடிக்காது; பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

குழந்தைகளுக்கு வேறொரு வேலை தரலாம். கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்து, வெளிப்புறம் சுண்ணாம்பும் காவியும் கொண்டு முகம் வரையச் சொல்லுங்கள். மூலையில் கிடக்கும் பழைய பெயிண்ட் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். கண், மூக்கு, மீசை முடிந்தபின் மண்ணிட்டு வெந்தயம் தூவினால் நான்கைந்து நாளில் முளைத்து, சிலிர்த்த தலைமயிர் போல் நிற்கும். மூன்று வாரத்தில் கத்தரியால் அதற்கு முடி திருத்தி, வெட்டியதை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிடலாம். மறுமுறை தழைப்பது குறைவாகவே இருக்குமாதலால், மண்ணைக் கிளறிச் சிறிது எருவிட்டுப் புதிதாக விதைப்பதே நன்று.