வீடற்றோரைத் தேடிச் சென்ற மருத்துவம்

குழந்தைகளுக்குரிய பவுடர், சிறு காயங்களுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஆகியவற்றின் வாயிலாக ‘ஜான்சன் அண்ட் ஜான்சன்’ என்னும் பெயர் நம் இல்லங்களில் நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரின் மகனான ராபர்ட் உட் ஜான்சன் 1968-ஆம் ஆண்டு காலமானபோது, தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தம் பெயரால் விளங்கிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்துச் சென்றார். 1972-ஆம் ஆண்டு அவ்வறக்கட்டளை அமெரிக்க நாடு முழுவதற்குமான தன் பணியைத் தொடங்கியபோது, அதன் கையிலிருந்த நிதி ஏறத்தாழ 120 கோடி டாலர். மக்களின் உடல்நலமும் மருத்துவ வசதியும் மேம்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இத்துணைப் பெருநிதி இருப்பின் ஏழைகளுக்கு மருத்துவம் அளிப்பது எளிதென்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பணத்தைக் கொடுப்பது ஒன்று. அப்பணம் நோயாளியின் அருகே மருந்தாகவும் கவனிப்பாகவும் போய்ச் சேர்வது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பவர்கள் யாவர்? அவர்கள் அதை எவ்வாறு கடக்கிறார்கள்? 1985-ஆம் ஆண்டில் அந்த அறக்கட்டளை தொடங்கிய ஒரு திட்டத்தின் வரலாறு இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருகிறது. சிறிதோ பெரிதோ, பிறர் நலத்திற்காகக் கொடுக்கும் பழக்கமுள்ள ஒவ்வொரு குடும்பமும் அதை அறிந்து கொள்வது நன்று.

படுக்கையில்லாதவருக்கு ஓய்வு

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், செல்வச் செழிப்புமிக்க அமெரிக்க நகரங்களின் தெருக்களில் வீடற்றோரின் எண்ணிக்கை பெருகியது. வேலையின்மை ஒரு காரணம். மனநல மருத்துவமனைகள் பல மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் தக்க ஆதரவின்றி வெளியே அனுப்பப்பட்டது மற்றொரு காரணம். குறைந்த வாடகைக்கு ஓர் அறை கொடுத்து வந்த பழைய விடுதிகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் விலையுயர்ந்த கட்டடங்கள் எழுந்தமையும் சேர்ந்து கொண்டது.

வீட்டை இழந்தவர் நோயுற்றால் அவர் நிலை என்ன? உணவுக்குப் பின் மூன்று வேளை மருந்து உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதித் தருகிறார். அவருக்கோ ஒரு வேளை உணவும் நிச்சயமில்லை. படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்; படுக்க இடமில்லை. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் தருகிறார். அதைக் குளிரில் பாதுகாக்கப் பெட்டியில்லை. பனிக்காலத்தில் ஈரக் காலணியோடு நாட்கணக்கில் நடந்து கால் புண்ணாகி, அது முற்றி, விரல்களையே இழக்க நேரிடுகிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் தவறாமல் மாத்திரை உட்கொள்ள வேண்டும். இன்று இங்கும் நாளை வேறெங்கோவும் உறங்குபவருக்கு யார் அதை நினைவூட்டுவார்? சிறந்த மருத்துவமனைகள் அருகிலேயே இருந்தன. ஆயினும் அவை வீடுள்ளவரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை.

முன்னரே அங்கு நின்றவர்கள்

இந்த அவலத்தைக் கண்ட அறக்கட்டளை, பியூ அறநிதியத்தோடு இணைந்து, 2 கோடியே 50 இலட்சம் டாலர் ஒதுக்கியது. அமெரிக்க மேயர்கள் மாநாடும் இம்முயற்சியில் பங்கேற்றது. 19 நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நான்காண்டுக் காலத்திற்கு நிதி வழங்குவதென முடிவாயிற்று.

இவ்வளவு பணத்தையும் 19 நகரங்களில் முறையாகச் செலவழிக்க வழிகாட்டும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? அறக்கட்டளையார் அதைத் தங்கள் அலுவலகத்திலேயே வைத்துக் கொள்ளவில்லை. நியூயார்க் நகரின் புனித வின்சென்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பிலிப் பிரிக்னரிடம் ஒப்படைத்தனர். அம்மருத்துவமனை 1849-ஆம் ஆண்டு பிறரன்புச் சகோதரிகளால் ஏழை நோயாளருக்கெனத் தொடங்கப்பட்டது. நம் பங்குகளில் ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து உதவும் சபைக்குப் பெயர் தந்த புனித வின்சென்ட் தே பவுலின் பெயரையே அதுவும் தாங்கி நின்றது. 2010-ஆம் ஆண்டு அது மூடப்பட்டுவிட்டது. எனினும் அது கற்றுத் தந்த பாடம் மறையவில்லை.

அப்பாடம் என்ன? 1969-ஆம் ஆண்டு முதலே பிரிக்னரும் அவருடைய தோழர்களும், நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஏழைகள் தங்கியிருந்த ஒற்றையறை விடுதிகளுக்கும் இரவுப் புகலிடங்களுக்கும் தாமே சென்றனர். மருத்துவரும் செவிலியரும் சமூகப்பணியாளரும் ஒரே குழுவாகச் சென்றனர். நோய்க்கு மருந்து கொடுப்பதோடு, நோயாளிக்கு உரிய அரசு உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்க வழி செய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று கண்டனர். இந்த அனுபவமே 19 நகரங்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

அறக்கட்டளை மற்றொரு நிபந்தனையும் விதித்தது. ஒரு நகரத்தில் தனித்து நிற்கும் ஒரு மருத்துவமனைக்கோ சங்கத்துக்கோ பணம் தரப்படமாட்டாது. மாநகராட்சி, மருத்துவமனைகள், சமயத் தொண்டு நிறுவனங்கள், புகலிடங்களை நடத்துவோர் ஆகிய அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒன்றாகத் திட்டமிட வேண்டும். ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்து வந்தவர்களை ஒன்றாக அமர வைத்ததே இக்கொடையின் முதற்பயன் எனலாம்.

பாதங்களைக் கழுவிய மருத்துவர்

தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்களுள் பாஸ்டனும் ஒன்று. அந்நகரில் பைன் ஸ்டிரீட் இன் என்னும் புகலிடம் 1969 முதல் இயங்கி வந்தது. அங்கு 1972-ஆம் ஆண்டிலிருந்து செவிலியர்கள் ஒரு சிறு மருத்துவ நிலையத்தை நடத்தி வந்தார்கள். பெருநிதி வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிய தொண்டு அது. அவர்களுள் பார்பரா மெக்கின்னிஸ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலைப் பெண்மணி அவர்.

புதிய திட்டத்திற்கு ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சியை முடித்துவிட்டு, புற்றுநோய் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக நியூயார்க் செல்லவிருந்த டாக்டர் ஜிம் ஓகானலை, ஓராண்டு மட்டும் இப்பணியை ஏற்குமாறு மூத்த மருத்துவர்கள் கேட்டுக் கொண்டனர். அவரும் இசைந்தார். ஹார்வர்டில் பயின்றவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் பெற்றவர். எனவே தம் திறமை உடனே பயன்படும் என்று எதிர்பார்த்தே அவர் புகலிடத்திற்குள் நுழைந்தார்.

செவிலியர்கள் அவரை அமர வைத்துப் பேசினார்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் இங்கு வருபவர்களின் கால்களைக் கழுவுங்கள் என்றார்கள். ஏறத்தாழ இரண்டு மாத காலம் அவர் அதையே செய்தார். வெந்நீரும் மருந்தும் கலந்த தொட்டியில், நாளெல்லாம் நடந்து வீங்கிய கால்களை ஊற வைத்து, துடைத்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டார். மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்க, மருத்துவர் மேலே நின்று கேள்வி கேட்பார். இங்கோ நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்க, மருத்துவர் அவர் காலடியில் அமர்ந்தார். பல ஆண்டுகளாக எந்தச் சிகிச்சையையும் ஏற்க மறுத்த முதியவர் ஒருவர், தம் கால்கள் இவ்வாறு பல வாரங்கள் கழுவப்பட்ட பின்னரே வாய் திறந்தார். மருத்துவராயிற்றே, ஏன் கால் கழுவிக் கொண்டிருக்கிறீர் என்று வியந்து கேட்டார். நாளடைவில் தமக்கு உறக்கம் வர ஏதேனும் தருமாறு அவரே கேட்டுக் கொண்டார். நம்பிக்கை பிறந்த பின்னரே மருந்து அவருள் சென்றது.

பெரிய வியாழன் வழிபாட்டில் பாதம் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் காணும் நமக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவருக்கு ஊதியம் கொடுத்தது அறக்கட்டளையின் பணம். அவர் அங்கு பயனுள்ள மருத்துவராக ஆவதற்குத் துணை நின்றது செவிலியரின் அனுபவம். இவற்றுள் ஒன்று இல்லாதிருந்தாலும் மற்றொன்று குறைவுபட்டிருக்கும்.

பாஸ்டன் நகரில் வீடற்றோரும் அவர்களுக்காக உழைத்தோரும் திட்டக் குழுவில் அமர்ந்து சில கோரிக்கைகளை முன்வைத்தனர். மருத்துவர்கள் ஓய்வு கிடைக்கும்போது வந்து போகிறவர்களாக இருக்கலாகாது. நிலையாகப் பணியாற்ற வேண்டும். ஏனெனில் வீடற்றோர் பெறும் மருத்துவம் இரக்கத்தின்பால் தரப்படும் தர்மமன்று; அவர்களுக்கு உரிய நீதி. மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டும், தெருவில் வாழும் அளவுக்கு உடல் தேறாதவர்களுக்குத் தங்க ஓரிடம் வேண்டும். இக்கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. 1985-ஆம் ஆண்டிலேயே 25 படுக்கைகளுடன் உடல் தேறும் இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டில் தனிக் கட்டடத்தில் அமைந்த இத்தகைய இல்லத்திற்குப் பார்பரா மெக்கின்னிஸின் பெயரே சூட்டப்பட்டது. 2003-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வில்லமோ இன்று நூற்றுக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் விளங்குகிறது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்

எந்த அறக்கொடையையும் அச்சுறுத்தும் கேள்வி ஒன்றுண்டு: பணம் தீர்ந்தபின் என்ன ஆகும்? நம்பி வந்த நோயாளியைப் பாதி வழியில் கைவிடுவது, தொடக்கத்திலேயே உதவாதிருப்பதைக் காட்டிலும் கொடியது. ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவருக்கு அது மேலும் ஒரு காயமாகும்.

இங்கு அவ்வாறு நேரவில்லை. 19 நகரங்களின் அனுபவம், இத்தகைய மருத்துவம் நடைமுறைக்கு ஏற்றதே என்பதை நாட்டுக்குக் காட்டியது. 1987-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசு வீடற்றோர் உதவிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மக்கினி சட்டம் என்று அது அழைக்கப்படுகிறது. வீடற்றோருக்கான மருத்துவப் பணிக்கு அரசு நிதி வழங்க அச்சட்டம் வழி வகுத்தது. நான்காண்டு முடியுமுன்னரே நாட்டின் பொதுப்பணம் அப்பொறுப்பில் பங்கேற்கத் தொடங்கிவிட்டது. 19 நகரங்களில் தொடங்கியது இன்று ஏறத்தாழ 300 திட்டங்களாக நாடெங்கும் பரவியுள்ளது. பாஸ்டனில் மட்டும் ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு மேல் பயன் பெறுகின்றனர். ஓராண்டு மட்டும் என்று வந்த டாக்டர் ஓகானல், தம் வாழ்நாள் பணியாகவே அதை ஆக்கிக் கொண்டார்.

இதனால் வீடற்றோர் துயரம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் எடுக்கப்பட்ட கணக்கின்படி அந்நாட்டில் 7 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடின்றி இருந்தனர். மருந்து புண்ணை ஆற்றும். வீட்டைக் கட்டித் தராது. நல்ல கொடையும் தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும் என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

நாம் கற்க வேண்டியது

அன்பு வாசகர்களே, கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் நிலையில் நம்மில் யாரும் இல்லை. ஆனால் மருத்துவ உதவி நிதிக்குக் காணிக்கை செலுத்துகிறோம். ஏழை நோயாளிக்கென உண்டியலில் போடுகிறோம். திருமண நாளிலும் பெற்றோரின் நினைவு நாளிலும் நன்கொடை அனுப்புகிறோம். அவ்வாறு கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். இப்பணம் ஏற்கெனவே அந்த ஏழைகளோடு நின்று உழைப்பவர்களின் கைக்குப் போகிறதா? உதவி பெறுவோரின் குரல் திட்டமிடும் இடத்தில் கேட்கப்படுகிறதா? இந்நிதி முடிந்தபின் பணியைத் தொடரப் பொறுப்பேற்பவர் யார்? நல்ல நிறுவனம் இக்கேள்விகளால் மனம் வருந்தாது. மகிழ்ந்து விடை கூறும்.

அதோடு, பணமில்லாதவரும் இத்தகைய பணிக்குத் துணை நிற்க முடியும். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியோடு மருத்துவமனைக்குச் சென்று, அவருக்குரிய சீட்டைப் பெற்றுத் தரலாம். தனித்து வாழும் முதியவர் மருந்தை வேளை தவறாமல் உட்கொண்டாரா என்று அன்றாடம் விசாரிக்கலாம். அரசு அளிக்கும் மருத்துவ உதவிகளை அறிந்து வைத்திருந்து, அவற்றை அறியாதவருக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். பெரிய நிதிகள் வந்து சேரும்போது அவற்றைச் சரியான இடத்திற்கு வழி காட்டக் கூடியவர்கள், இவ்வாறு ஏற்கெனவே ஏழையின் பெயரையும் நோயையும் அறிந்து வைத்திருப்பவர்களே.

இன்று நம் பங்கின் எல்லைக்குள் மருத்துவரைக் காணாமல் நோயைத் தாங்கிக் கொண்டிருப்பவர்கள் யார் யார்? குடும்பமாக அமர்ந்து, அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் இந்த மாதம் அறிந்து கொள்வோம். நம் கொடை அங்கிருந்து தொடங்கட்டும்.