தூண்டிற்காரர் கவலை

காவிரிக் கரையில் தூண்டிலிட்டு உட்கார்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று நாம் சொல்லிவிடலாகாது. வாளை மீன் அவ்வளவு எளிதில் அகப்படுவதல்ல. செதிலற்ற உடல், கண்ணுக்கும் அப்பால் பிளந்த வாய், நீண்ட மீசை. பகலில் கரையோரப் பொந்துகளில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். அதன் போக்கை அறிய ஓர் ஆயுளே வேண்டும்.

தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் துரைக்கு இந்தப் பித்து முற்றியிருந்தது. நம் தேசத்துத் தூண்டில் வேட்டையைப் பற்றி, 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையே வெளியிட்டார். அவரே, சிறுகண் வலையால் மீன்குஞ்சுகளை வாரி அழிப்பதைக் கண்டித்தவருமாவார். மீன் பிடிப்பதில் ஆசையுள்ளவருக்குத்தானே மீன் அழியாதிருக்க வேண்டுமென்ற கவலையும் இருக்கும்!

அந்தக் கவலை இன்று நமக்கும் வேண்டும். அழியும் அபாயத்துக்குள்ளான இனங்களின் சர்வதேசப் பட்டியலில் வாளையும் சேர்ந்துவிட்டது. நாட்டு மீன்களுக்கு இன்னொரு பகை ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்கக் கூடாதென்று 2000-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தடை விதித்தது. ஆயினும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். வெள்ளத்தில் குளத்தைவிட்டுத் தப்பி ஆற்றில் சேர்ந்தால், அது நாட்டு மீன்களை விழுங்கிக் கொழுக்கிறது.

மலிவென்று அதை வாங்குவோர் இருக்கும்வரை வளர்ப்போரும் இருப்பர். ஆகவே, “இது ஆப்பிரிக்கக் கெளுத்தியா?” என்று மீன்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கூடையை நீட்டுவோம்.